செங்கற்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு

செங்கற்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு என்பது, காச நோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எந்த அளவுக்குப் பயன் தருகின்றது என்பதை அறியும் பொருட்டு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரும் கள ஆய்வு ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியன இணைந்து இதனை நடத்தின. பி.சி.ஜி. குறித்து உலகில் நடந்த ஆய்வுகளுள் இதுவே மிகப் பெரியது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பு வினையை நன்கு தூண்டியது. ஆயினும் பெரியவர்களை நுரையீரல் காச நோயிலிருந்து அது காக்கவில்லை. இவ்விரண்டும் ஒருசேர எவ்வாறு உண்மையாக இருக்க முடியும் என்ற வினாவே, இன்றும் காச நோய்த் தடுப்பூசித் தேடலின் நடுவில் நிற்கின்றது.

ஆய்வின் பெயரைக் கொண்டு இது செங்கற்பட்டு நகரில் நடந்தது எனக் கருதுதல் ஆகாது. தாம்பரம், திருவள்ளூர் போன்ற ஊர்கள் எல்லாம் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆய்வு நடந்த சிற்றூர்கள் பெரும்பாலும் திருவள்ளூரைச் சூழ்ந்த பகுதியில் இருந்தன. அம்மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்டது. தாம்பரத்தை உள்ளடக்கிய இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகும்.

பின்புலம்

சென்னையின் தென்புறப் பகுதிக்கும் காச நோய்க்கும் உள்ள தொடர்பு பழையது. மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் காச நோய் இல்லம் ஒன்றை நிறுவினார். இதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் இத்தகைய இல்லத்தை நடத்தி வந்தார். கணித மேதை இராமானுசன் 1917இல் சில காலம் அங்கே சிகிச்சை பெற்றார் (அவருக்கு இருந்தது காச நோய்தானா என்பது பிற்காலத்தில் ஐயத்துக்கு உள்ளாயிற்று). தாம்பரம் இல்லத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என வழங்குகின்றது. ஊர்மக்கள் நாவில் அது இன்றும் 'சானடோரியம்' தான். அங்குள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் அதுவே.

அந்நாளில் காச நோய்க்கு மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றால் நோயாளியின் உடல் தானே நோயை வெல்லும் என்பதே இத்தகைய இல்லங்களின் அடிப்படை. வேறு சொற்களில் கூறின், அவை மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றலை மட்டுமே நம்பியிருந்தன. சிலர் தேறினர், பலர் தேறவில்லை.

1940களிலும் 1950களிலும் மருந்துகள் வந்தபின் நிலை மாறியது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காச நோய் வேதிச் சிகிச்சை மையம், மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டில் இருந்தே நோயாளி குணமடையலாம் என்பதையும், அதனால் உடன் வாழும் குடும்பத்தினருக்குக் கூடுதல் தீங்கு நேர்வதில்லை என்பதையும் 1959இல் வெளியான ஆய்வின் மூலம் நிறுவியது. உலகெங்கும் காச நோய் இல்லங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெருங்காரணம். இம்மையம் 1978இல் காச நோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011இல் தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது. நோயைக் குணப்படுத்தும் வழி தெரிந்துவிட்டது. வருமுன் காக்கும் வழிதான் எஞ்சியிருந்தது.

பி.சி.ஜி. தடுப்பூசி

பிரான்சு நாட்டவரான ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் ஆகியோர் மாட்டுக் காச நோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்கும் திறன் குன்றிய ஒரு வகையைப் பெற்றனர். இது 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. அவ்விருவரின் பெயர்களின் முதலெழுத்துகளே பி.சி.ஜி. என்பதன் பின்னிரண்டு எழுத்துகள்.

1930இல் செருமனியின் லூபெக் நகரில், கொடிய காச நோய்க் கிருமி கலந்துவிட்ட தடுப்பு மருந்தால் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பிழை ஆய்வகத்தினுடையது, பி.சி.ஜி.யினுடையதன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அச்சம் நீங்க நெடுங்காலம் ஆயிற்று.

இந்தியாவில் பி.சி.ஜி. தயாரிப்பதற்கென 1948இல் சென்னையின் தென்பகுதியான கிண்டியில் ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டது. நாடு தழுவிய பி.சி.ஜி. இயக்கம் பரவியபோது அதனை மிக வன்மையாக எதிர்த்தவர் இராஜாஜி. 1955இல் இதற்கெனவே அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தாம்பரம் இல்லத்தை அரசு ஏற்ற 1937ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது. உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான சிறுவர்களின் உடலில் செலுத்துதல் தகுமா என்பது அவர் எழுப்பிய வினா. பி.சி.ஜி. தீங்கானது என்ற அச்சத்தைக் காலம் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் அயல்நாட்டில் பயன்பட்டது என்பதால் இங்கும் பயன்படும் எனக் கொள்ளலாமா என்ற கேள்வி வீண் கேள்வியன்று. அதற்கு விடை காண முறையான ஆய்வு ஒன்றே வழி.

அயல்நாட்டு முடிவுகளும் தமக்குள் ஒத்துப்போகவில்லை. பிரித்தானியாவில் 1950இல் பள்ளி மாணவரிடையே தொடங்கிய ஆய்வில் பி.சி.ஜி. ஏறத்தாழ 77 விழுக்காடு காப்பு அளித்தது. அமெரிக்காவின் சியார்சியா, அலபாமா மாநிலங்களில் நடந்த ஆய்விலோ அது 14 விழுக்காடு மட்டுமே.

காச நோய்க்கு உடல் காட்டும் எதிர்ப்பு

ஆய்வின் முடிவைப் புரிந்துகொள்ள, காச நோய்க் கிருமியை உடல் எதிர்கொள்ளும் முறையை அறிதல் வேண்டும்.

இருமும் நோயாளியிடமிருந்து காற்றில் பரவும் கிருமி, மற்றொருவரின் நுரையீரல் நுண்ணறைகளை அடைகின்றது. அங்குள்ள பெருவிழுங்கி எனும் உயிரணுக்கள் அதனை விழுங்குகின்றன. பொதுவாகப் பெருவிழுங்கி தான் விழுங்கிய நுண்ணுயிரை ஒரு பையில் அடைத்து, செரிநொதிகள் நிறைந்த மற்றொரு பையை அதனோடு இணைத்துக் கொன்றுவிடும். காச நோய்க் கிருமி இவ்விணைப்பைத் தடுத்துவிடுகின்றது. தன்னைக் கொல்ல வந்த உயிரணுவின் உள்ளேயே குடியிருந்து பெருகுகின்றது. பகைவன் கோட்டைக்குள்ளேயே வீடு கட்டிக்கொள்வது போன்றது இது.

குருதியில் உலவும் பிறபொருளெதிரிகளால் உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எளிதில் எட்ட முடியாது. ஆகவே தட்டம்மை, இளம்பிள்ளை வாதம் போன்றவற்றுக்குப் பயன்பட்ட தடுப்பூசி உத்திகள் இங்கே போதா. இந்நோயில் முதன்மையான பணி டி உயிரணுக்களுடையது. கிளையுரு உயிரணுக்கள் கிருமியின் கூறுகளை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று காட்டுகின்றன. இதற்குச் சில கிழமைகள் பிடிக்கும். அங்கே பயிற்சி பெற்ற சி.டி.4 வகை டி உயிரணுக்கள் நுரையீரலை அடைந்து, இண்டர்பெரான்-காமா எனும் புரதத்தைச் சுரக்கின்றன. இப்புரதம் பெருவிழுங்கியை முடுக்கிவிட, அது தன்னுள் இருக்கும் கிருமியைக் கொல்லும் வலிமை பெறுகின்றது. முற்றிலும் கொல்ல இயலாதபோது, உயிரணுக்கள் திரண்டு கிருமியைச் சுற்றி ஒரு முடிச்சாக அரண் அமைக்கின்றன. கிருமி ஏறிய பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் நோய் வராமல் இருப்பதற்கு இவ்வரணே காரணம்.

சி.டி.4 உயிரணுக்களை எச்.ஐ.வி. அழிக்கும்போது இந்த அரண் சரிகின்றது. இதற்குத் தாம்பரமே கண்கூடான சான்று. காச நோய்க்கென எழுந்த அம்மருத்துவமனை, 1990களில் எச்.ஐ.வி. தொற்றுடையோர் நாட்டிலேயே மிகுதியாக வந்து சேரும் இடங்களுள் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவ நிலையங்களுள் தாம்பரமும் இருந்தது.

உயிரணுவுக்குள் ஒளிந்து வாழும் பிற பாக்டீரியாக்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கண்ணிமை நோயான டிரக்கோமாவை உண்டாக்கும் கிளமிடியா இத்தகையது. அதற்கும் இண்டர்பெரான்-காமா சுரக்கும் டி உயிரணுக்களே முதன்மைக் காவலர்கள். 1960களில் இந்தியா உட்படப் பல நாடுகளில் சோதிக்கப்பட்ட டிரக்கோமாத் தடுப்பூசிகள் குறுகிய காலக் காப்பையே தந்தன. சில ஆய்வுகளில், தடுப்பூசி பெற்றபின் மீண்டும் தொற்று நேர்ந்தபோது அழற்சி கடுமையானது. எதிர்ப்பு வினை எழுவது வேறு, அது காப்பது வேறு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எதிர்ப்பு வினை எழுந்துள்ளதா என்பதை அறிய எளிய வழி டியூபர்குலின் சோதனை. கிருமியிலிருந்து பிரித்த புரதத்தை முன்கையில் தோலினுள் செலுத்தினால், அதனை முன்பே அறிந்த டி உயிரணுக்கள் அங்கே திரண்டு இரண்டு மூன்று நாட்களில் தடிப்பை உண்டாக்கும். தடிப்பின் அகலம் மில்லிமீட்டரில் அளக்கப்படும். பி.சி.ஜி. போட்டபின் தடிப்பு தோன்றினால் ஊசி 'பிடித்துக்கொண்டது' எனக் கொள்வதே அக்கால வழக்கம்.

ஆய்வு முறை

1968 சூலை முதல் 1971 மார்ச்சு வரை மக்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பட்டியலிடப்பட்டோர் 3,66,625 பேர். அவர்களுள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை எல்லா அகவையினரும் இதில் அடங்குவர். முன்னரே தொற்று அடைந்தவர்களுக்கும் ஊசி அளிக்கப்பட்டது.

டேனிசு, பிரெஞ்சு என இரு வகைப் பி.சி.ஜி.களும், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என இரு அளவுகளும் பயன்பட்டன. இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி ஊசி. எவருக்கு எது என்பது குலுக்கல் முறையில் அமைந்தது. பெற்றவருக்கோ, பின்னர் அவரைச் சோதித்தவருக்கோ அது தெரியாது. ஊசி போடுமுன் டியூபர்குலின் சோதனை செய்யப்பட்டது. சிறுவர் நீங்கலாக மற்றவர்களுக்கு மார்பு ஊடுகதிர்ப் படமும் எடுக்கப்பட்டது. சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியாக்களுக்கு உடல் பழகியுள்ளதா என்பதை அறிய மற்றொரு புரதத்தாலும் தோல் சோதனை நடந்தது. பின்னாளில் விளக்கம் தேடியவர்களுக்கு மிகவும் உதவியது இந்த இரண்டாவது சோதனைதான்.

இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் அனைவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். ஐயத்துக்கு உரியோரின் சளியில் கிருமி தேடப்பட்டது. ஊர் ஊராக, வீடு வீடாக 15 ஆண்டுகள் இப்படிப் பின்தொடர்வது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். கையில் ஊசி ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்காகச் சளி கொடுத்த அவ்வூர் மக்களே இந்த அறிவின் முதற் கொடையாளர்கள்.

முடிவுகள்

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியாயிற்று. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் தடிப்பு மிக நன்றாகத் தோன்றியது. மருந்தில் குறையில்லை, போட்ட முறையிலும் குறையில்லை என்பது இதனால் உறுதி. ஆனால் இரண்டரை ஆண்டுகளில் அத்தடிப்பு வெகுவாகச் சுருங்கியிருந்தது. கிருமியுடன் கூடிய நுரையீரல் காச நோயைப் பொறுத்தவரை, பி.சி.ஜி. பெற்றோருக்கும் போலி ஊசி பெற்றோருக்கும் பயன்தரும் வேறுபாடு காணப்படவில்லை.

15 ஆண்டுகளின் இறுதி அறிக்கை 1999இல் வந்தது. தொடக்கத்தில் தொற்று இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்குக் காச நோய் உறுதியானது. பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. காப்பே தரவில்லை. சிறுவர்களிடையே 27 விழுக்காடு காப்புத் தென்பட்டது. எனினும் புள்ளியியல் எல்லை -8 முதல் 50 வரை விரிந்திருந்ததால், அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

1978இல்தான் இந்திய அரசு விரிவான தடுப்பூசித் திட்டத்தில் பி.சி.ஜி.யைச் சேர்த்திருந்தது. அடுத்த ஆண்டே இம்முடிவு வெளிவந்தது பெரும் குழப்பத்தை விளைத்தது. அவ்வாறாயின் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. தேவையில்லையா? இவ்வாய்வு அளந்தது பெரும்பாலும் பெரியவர்களின் நுரையீரல் நோயை. குழந்தைகளுக்கு வரும் காச நோய் வேறு வகை: மூளையுறை அழற்சியாகவும், உடல் முழுதும் தினையளவு முடிச்சுகளாகவும் பரவிக் கொல்வது. இவற்றைப் பி.சி.ஜி. நன்கு தடுக்கின்றது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பீடு, மூளையுறை அழற்சிக்கு எதிராக 73 விழுக்காடும் தினை வடிவக் காச நோய்க்கு எதிராக 77 விழுக்காடும் காப்பு எனக் கணித்தது. இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவது இதனால்தான். செங்கற்பட்டு ஆய்வைக் காட்டி அதனை வேண்டாம் என்போர், அந்த ஆய்வு எதை அளக்கவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

தோல்விக்கான விளக்கங்கள்

பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் வலுவானது சூழல் மைக்கோபாக்டீரியாக்கள் பற்றியது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும், காச நோய்க் கிருமியின் உறவினங்களான தீங்கற்ற மைக்கோபாக்டீரியாக்கள் மிகுதி. ஆய்வுப் பகுதியில் வளர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவற்றுக்குப் பழகியவர்கள் என்பதை மேலே கூறிய இரண்டாவது தோல் சோதனை காட்டியது. இவை உடலில் இரு வகையில் குறுக்கிடலாம். அவையே ஓரளவு காப்பைத் தந்து, பி.சி.ஜி. தரும் கூடுதலை மறைத்துவிடலாம். அல்லது, முன்பே பழகிய நோய் எதிர்ப்பு மண்டலம், உயிருள்ள பி.சி.ஜி. கிருமி பெருகுமுன்னரே அதனை அழித்துவிடலாம். முன்னது கினிப்பன்றிகளில் 1960களிலேயே காட்டப்பட்டது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளைஞரையும் பிரித்தானிய இளைஞரையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வு இக்கருத்துக்கு வலு சேர்த்தது. மலாவியரிடம் ஊசிக்கு முன்பே இண்டர்பெரான்-காமா எதிர்வினை மிகுந்திருந்தது; ஊசியால் அது சிறிதே கூடியது. பிரித்தானியரிடம் பெரிதும் கூடியது.

பிறந்த உடனே பி.சி.ஜி. போடுவது ஏன் பயன் தருகின்றது என்பதற்கும் இது பொருந்துகின்றது. பச்சிளங் குழந்தை இன்னும் மண்ணையும் குளத்து நீரையும் அறியாதது.

தென்னிந்தியக் காச நோய்க் கிருமியே வேறுபட்டது என்பது இன்னொரு விளக்கம். சென்னை நோயாளிகளிடம் பெற்ற கிருமிகள் பிரித்தானியக் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளுக்குக் குறைந்த தீங்கு விளைத்தன என்பது 1960களிலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் இது மட்டுமே காரணமாக இருக்க முடியும் எனத் தோன்றவில்லை. ஆய்வு முறையிலும் மருந்திலும் பிழை தேடியவர்களும் உளர். மறு ஆய்வுகளில் அத்தகைய பிழை ஏதும் அகப்படவில்லை.

தொழுநோய்

இதே மக்கள் தொழுநோய்க்காகவும் கண்காணிக்கப்பட்டனர். காச நோயில் தோற்ற பி.சி.ஜி., அதன் உறவுக் கிருமியால் வரும் தொழுநோயில் ஓரளவு காப்பு அளித்தது. இதனைத் தொடர்ந்து 1991இல் தமிழ்நாட்டில் 1,71,400 பேரைக் கொண்டு தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. 1998இல் வெளியான முடிவின்படி, பி.சி.ஜி. தனித்து 34.1 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியுடன் சேர்ந்து 64 விழுக்காடும் காத்தது. மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடும், தில்லியில் ஜி. பி. தல்வார் குழுவினர் உருவாக்கிய எம்.டபிள்யூ. தடுப்பூசி 25.7 விழுக்காடும் காப்பு அளித்தன.

பிந்தைய தேடல்

செங்கற்பட்டில் கண்ட முரண் பின்னர் வேறிடத்திலும் தோன்றியது. எம்.வி.ஏ.85ஏ எனும் புதிய தடுப்பூசி, இண்டர்பெரான்-காமா சுரக்கும் டி உயிரணுக்களைத் தூண்டுவதில் வெற்றி பெற்றது. தென்னாப்பிரிக்காவில் முன்னரே பி.சி.ஜி. பெற்ற 2,797 குழந்தைகளிடையே சோதித்தபோது, நோயைத் தடுப்பதில் அது பொருட்படுத்தத்தக்க பயன் தரவில்லை என 2013இல் தெரியவந்தது. இண்டர்பெரான்-காமா இன்றியமையாதது, ஆனால் அது மட்டுமே போதாது. காப்பு உள்ளதா என்பதைக் குருதிச் சோதனையால் காட்டும் நம்பகமான அளவுகோல் காச நோய்க்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு புதிய தடுப்பூசியையும் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்துதான் மதிப்பிட வேண்டியுள்ளது.

பி.சி.ஜி.யையே வேறு வழியில் செலுத்தும் முயற்சியும் நடந்தது. நாளத்தின் வழியே செலுத்தப்பட்ட பி.சி.ஜி. பத்துக் குரங்குகளில் ஒன்பதைக் காத்தது என 2020இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. தோலில் போடுவதைவிட அப்போது நுரையீரலிலேயே தங்கும் டி உயிரணுக்கள் மிகுதியாக உருவாயின. மனிதருக்கு இம்முறை இன்னும் நெடுந்தொலைவில் உள்ளது. வளரிளம் பருவத்தில் பி.சி.ஜி.யை இரண்டாம் முறை போடுவது நீடித்த தொற்றைக் குறைப்பதாகத் தென்னாப்பிரிக்காவில் 2018இல் நம்பிக்கை எழுந்தது. அதனைச் சரிபார்க்க நடந்த பெரிய ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை.

எம்72 எனும் தடுப்பூசி, முன்னரே தொற்று அடைந்த பெரியவர்களுக்கு நோய் வருவதை ஏறத்தாழ 50 விழுக்காடு குறைத்தது என 2019இல் அறிவிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் நோயில், அதாவது பி.சி.ஜி. தோற்ற இடத்தில், கிடைத்த நல்ல செய்தி இது. இதன் மூன்றாம் கட்ட ஆய்வு 2024இல் தொடங்கியது.

இந்தியாவில் 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், காச நோயாளிகளுடன் ஒரே வீட்டில் வாழும் ஏறத்தாழ 12,000 பேரைச் சேர்க்கும் திட்டத்துடன் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மரபணு மாற்றம் செய்யப்பட்ட பி.சி.ஜி.யான வி.பி.எம்.1002, இம்முவாக், போலி ஊசி என மூன்று பிரிவுகள் அதில் அமைந்தன. இவற்றுள் இம்முவாக் என்பது வேறொன்றும் அன்று. முன்னர்த் தமிழ்நாட்டுத் தொழுநோய் ஆய்வில் 25.7 விழுக்காடு காப்பு அளித்த எம்.டபிள்யூ. தடுப்பூசியே அது.